விமலின் பெயர் மட்டும் மறக்கவில்லை

அன்புள்ள மோசஸுக்கு,

துபாயில் நான் நலம். உங்கள் தலைவலி குறைந்ததா? மாத்திரையை அத்தை கையால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

நேற்று போனில், "நாஷ்டா துன்னியா மே?" என்று மூன்று தடவை கேட்டீர்கள். முதலில் இட்லி என்றேன், பிறகு பொங்கல், பிறகு தோசை. "ஜோராத்தான் துன்னுகினு கீறே!" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்தீர்கள்.

கபடியில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த மறதி என்கிறார் டாக்டர். ஆனால் உங்களோடு ஆடிய விமலின் பெயர் தடங்கலின்றி வருகிறது. மனைவி என் பெயருக்குத்தான் யோசிக்கிறீர்கள். பொறாமையாக இருக்கிறது.

இன்னொரு அடி தாங்காதாம். விமல் கூப்பிட்டாலும் கவரைப்பேட்டை மைதானத்துக்குப் போகாதீர்கள். அவனுக்கு வேறு ஆள் கிடைக்கும். இங்கே நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் சிஸ்டர். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நீங்கள் ஒருவர்தான்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
ஷைனி