தோப்பூரில் பொறுக்கிய இருபது குஞ்சுகள்

மூதூர்
11.02.2025

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய கணவர் நஸ்ரி அவர்களுக்கு, தங்கள் மனைவி றம்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். மூன்று மாதங்களுக்கு முன்னரே எழுதியிருக்க வேண்டிய மடலை இன்று எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டுகின்றேன். நாள்தோறும் தொலைபேசியில் கதைக்கும்போது மடல் எதற்கு என வினவுவீர்கள். தொலைபேசியில் தாங்கள் சிரித்தால் நானும் சிரித்துவிடுகின்றேன். சொல்ல வந்தது நின்றுவிடுகின்றது. ஆகையால் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை கத்தார் திரும்பும் தங்கள் நண்பர் பாஹிமிடம் இதனைக் கொடுத்தனுப்புகின்றேன்.

விடயம் கோழிகள் பற்றியது. ஓகஸ்ட் மாதத்தில் தோப்பூர் சுஹைரா ராத்தாவிடம் இருபது குஞ்சுகள் வாங்கினேன் அல்லவா? வீட்டிலேயே பொரிக்க வைத்து விற்கும் அவர், சேவல், பேடு பிரித்துக் கொடுப்பதில்லை. பெட்டிக்குள் கையை விட்டு, வந்ததை எடுப்பதே அங்கு வழக்கம். நான் அதற்கு உடன்படவில்லை. நூலகத்துக் கையேடொன்றில், இறகை விரித்துப் பார்த்துப் பேட்டை அறியும் முறையைக் கற்றிருந்தேன். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கால் தடித்தவையாகவும் முன்னே ஓடி வந்தவையாகவும் தெரிவு செய்தேன். சுஹைரா ராத்தா வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தார். இருபதும் பேடுகள், மார்ச்சுக்குள் முட்டை வியாபாரம் நிலைத்துவிடும், வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊர் திரும்பிவிடலாம் என்று அன்றே தங்களுக்கு அறிவித்தேன்.

அவற்றுள் பதினான்கு சேவல்கள்.

நவம்பரில் ஒன்று கூவத் தொடங்கியது. ஒரு கிழமைக்குள் மற்றவையும் சேர்ந்துகொண்டன. பக்கத்து வீட்டு கனகம்மா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "றம்லா, உம்மட பேடுகள் நல்லாத்தான் கூவுதுகள்" என்றார். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அன்றுதான் வாசித்தேன். அம்முறை பண்ணைகளில் அதற்கெனக் கலந்த இனங்களுக்கு மட்டுமே பொருந்துமாம்; நாட்டுக்கோழிக்கு அன்று.

இரண்டு கிழமைகள் கழித்தே, பதினான்கையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தோப்பூர் போனேன். "முன்னுக்கு ஓடி வாறவனெல்லாம் சேவல்தான் புள்ள! நீ தள்ளிவிட்ட நோஞ்சான்கள இந்தா பாரு" என்று சுஹைரா ராத்தா காட்டினார். ஒருவரும் வாங்காமல் அங்கேயே வளர்ந்திருந்தன. அநேகமாக எல்லாம் பேடுகள். என் சேவல்களை எடுத்துக்கொண்டு ஒன்பது பேடுகள் தந்தார்.

ஆகவே, இன்று என்னிடம் இருப்பவை பதினைந்து. நான்கு முட்டையிடத் தொடங்கியுள்ளன. முட்டைகள் சிறியவை. தாங்கள் அங்கிருந்து அனுப்புவதற்கு இவை ஒருபோதும் ஈடாகா. இம்மாத முடிவிற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றீர்கள். கோழிகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கோழிகளின் பேரில் நான் அளித்த வாக்கை இத்தால் மீளப் பெறுகின்றேன். வேறெந்த வாக்கையும் மீளப் பெறவில்லை.

கூட்டைப் பெருப்பிக்கத் தச்சு வேலை செய்யும் ஓடாவியாரை அழைத்திருந்தேன். கதவை எவ்வளவு உயரமாக வைப்பது என்று கேட்டார். எனக்கு மட்டும் என்றால் ஐந்தடி போதும். தாங்கள் குனியாமல் நுழைவதென்றால் ஆறடி வேண்டும். என் விடை கிடைத்த பின்னரே வெட்டுவதாகக் கூறி, பலகையைச் சுவரில் சாத்திவிட்டுப் போயிருக்கின்றார். அடுத்த கிழமை மீண்டும் வருவார்.

அல்லாஹ் தங்களுக்கு நல்லதையே நாடுவானாக.

இங்ஙனம்,
றம்லா

பதில் மடல் எழுதத் தேவையில்லை. ஐந்தா, ஆறா என்பதை மட்டும் தொலைபேசியில் விரைந்து அறியத் தரவும்.