ஹேண்டில்பாரில் கட்டிய கயிறு

என் அருமை அண்ணனுக்கு,

எங்கே இருந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்து, ஹெல்மெட்டைக் கழற்று, பிறகு கேள். பாதி கேட்டுவிட்டு "சரி சரி" என்று கிளம்புகிற வேலை இன்று வேண்டாம்.

காலையில் குமார் சிந்தாமணி ஊருக்குக் கிளம்பிப் போயிருக்கிறான். ஆமாம், நம் தம்பி குமார்தான். நீ போகும்போது கல்லூரிக்குப் புத்தகமே கொண்டு போகாமல் திரிந்த அதே குமார். நீ பார்த்த வேலையைத்தான் இப்போது அவனும் பார்க்கிறான். எந்த ஊரில் செல்போன் டவர் பழுதானாலும் பைக்கில் போய்ச் சரிசெய்ய வேண்டும். அதே ஹொசகோட்டை ரோடு, அண்ணா. வழி காட்ட அதே ஜிபிஎஸ் பெட்டி.

அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். என்னடி எழுதுகிறாய் என்று ஒரு தடவை கேட்டாள், ஆபீஸ் வேலை என்றேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படித்ததெல்லாம் அல்சூர் கன்னடப் பள்ளிக்கூடத்தில். குமாரும் அப்படித்தான், பெரிய மாமாவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தூங்கவிடாமல் என்னை ஏரிக்கரைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போவாயே, எவ்வளவு திட்டியிருப்பேன் உன்னை. பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன், பின்னால் எந்தப் பத்திரிகைக்காவது அனுப்பி இது அச்சில் வந்தாலும் நம் வீட்டுக்குத் தெரியாது.

அந்த ஜிபிஎஸ்ஸை நீ வாங்கிய கதை நினைவிருக்கிறதா? டவர் இருக்கும் இடத்தை ஆபீஸில் வெறும் எண்களாகத்தான் கொடுக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு ராகிக் கொல்லைக்கு நடுவே யாரிடம் வழி கேட்பது என்று தினமும் புலம்பினாய். எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். காருக்கு வைக்கிற தொடுதிரை வேண்டாம், கையுறையோடு அழுத்தப் பொத்தான் வேண்டும் என்றாய். மழை உள்ளே போகக் கூடாது, பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரியைப் போட முடிய வேண்டும் என்றாய். ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்து, நடுவெயிலில் நிறுத்தி, "எழுத்து தெரியுதா, தெரியுதா" என்று கேட்டாய். என் முகம் கறுத்ததுதான் மிச்சம்.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட நீ இவ்ளோ பாக்க மாட்டண்ணா" என்றேன்.

"பொண்ணு மழையில நனஞ்சா துடைச்சிக்கும். இது அப்படியா?" என்றாய். கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அவ்வளவு பார்த்து வாங்கியவன், மாட்டும்போதும் பார்த்துத்தான் மாட்டினாய். கண்ணாடித் தண்டில் வைத்தால் ஆடுகிறது, டேங்க் பக்கம் வைத்தால் குனிய வேண்டியிருக்கிறது என்றாய். ஸ்பீடோமீட்டரை மறைக்கக் கூடாது, ஹேண்டிலை முழுக்க ஒடித்தாலும் எதிலும் இடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஹேண்டில்பாரின் நடுவில் ஒரு இடம்தான் மிஞ்சியது. அங்கே அம்மா கட்டிய கயிறு இருந்தது.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மாரியம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கி வருகிற கறுப்புக் கயிறு. பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே புதியதைச் சுற்றுவாள், அது விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. அம்மா கட்டியதில் யார் கை வைப்பது? நீயும் வைக்கவில்லை. கயிற்றின் மேலேயே கிளாம்ப்பைப் போட்டு முடுக்கினாய். "ரப்பர் மாதிரி நல்லா கவ்வுது பாரு" என்று என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னாய். ஆடவே இல்லை. அப்போது கோடைகாலம்.

மழை பிடித்த பிறகு ஒரு நாள் நீ வீட்டுக்கு வரவில்லை. ஹொசகோட்டை ரோட்டு வளைவில் எதிரே வந்த லாரியை நீ பார்க்கவே இல்லை என்றார்கள். அங்கே டீக்கடை வைத்திருந்தவர் மட்டும்தான் உன்னைப் பார்த்திருக்கிறார். "ஒந்து கையல்லி ஏனோ ஹிட்கொண்டு, கெளகே நோட்கொண்டு பந்த்ரு" என்றார். ஒரு கையில் எதையோ பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடியே வந்தாராம்.

எதையோ என்றால் எதை? நம் சொந்தக்காரர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "போன்ல பேசிக்கினே போயிருப்பான், வேற இன்னா" என்று பெரிய மாமா சாவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு அண்ணன் என்பதால் அவர் வாயை மூட ஆளில்லை. இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பையன்களை நிறுத்திவைத்து, போன் பேசியபடி வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உன்னைத்தான் உதாரணம் காட்டுகிறார். அண்ணன் போன் பைக்குள் ஜிப் போட்டபடி இருந்தது என்று சண்டை போடுவேன். "அப்போ கையில இன்னாடி இருந்துச்சு?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

போன வாரம் வேலைக்கு ஆர்டர் வந்ததும் குமார் அலமாரியிலிருந்து உன் ஜிபிஎஸ் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தான். போலீஸ் ஸ்டேஷனில் போட்டுக் கொடுத்த முடிச்சைக்கூட நாங்கள் அவிழ்க்காமல் வைத்திருந்தோம். புதுசு வாங்கிக்கடா என்று கெஞ்சினேன். "அண்ணன் பாத்து வாங்கினதவிட நான் இன்னாக்கா பெருசா பாத்துடப் போறேன்?" என்றான். பேட்டரி போட்டதும், ஒன்றுமே நடக்காதது போல் திரை எரிந்தது. நீ கடைசியாகப் போட்ட டவரைக் காட்டியது. அங்கே போய்ச் சேர இன்னும் எவ்வளவு தூரம் என்றும் காட்டியது.

கிளாம்ப்பின் உட்பக்கம் கறுப்பாக, நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. "அழுக்குக்கா" என்று குமார் கத்தியால் சுரண்டிப் போட்டான். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அவன் மாட்டப் போகிற நேரத்தில் அம்மா கோயிலிலிருந்து வந்தாள். கையில் கயிறு. "மொதல்ல இத்த கட்டிடறேன். அப்புறம் உன் பொட்டிய மாட்டு" என்றாள். நடு இடமாகப் பார்த்துக் கட்டினாள். உனக்குக் கட்டியது போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இவனுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தாள். குமார் அதன் மேலேயே கிளாம்ப்பைப் போட்டு முடுக்கி, என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னான். ஆடவே இல்லை.

நேற்று சாயங்காலம், தூறிக்கொண்டிருக்கும்போதே, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று போனான். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் அண்ணா, நம் அல்சூர் ரோட்டை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது, அவ்வளவு பள்ளம். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்றிருந்தேன். வந்தான். இடது கையால் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடியே வந்தான். தெருவில் நின்ற காய்கறித் தள்ளுவண்டியில் இடிக்கப் போகிற நேரத்தில்தான் நிமிர்ந்தான்.

டீக்கடைக்காரரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல் கேட்டது.

"நனஞ்சதும் லூஸாயிடுச்சுக்கா. குழியில எறங்கினா தொங்கிடுது, புடிச்சிக்கினே வரவேண்டியதா இருக்குது" என்றான் குமார், ஏதோ நட்டுப் பிரச்சினை போல.

அது போன் இல்லை. போனே இல்லை, அண்ணா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மாமாவின் வாயை அடைக்க இத்தனை நாள் தேடிய பதில் கிடைத்துவிட்டது, இப்போதே ஓடிப்போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்றிருந்தது. பிறகுதான் கிளாம்ப்புக்கு அடியில் நனைந்து நசுங்கிக் கிடந்த அம்மாவின் கயிற்றைப் பார்த்தேன்.

குமாரைத் தலை துவட்ட உள்ளே அனுப்பிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். கிளாம்ப்பைக் கழற்றி, கயிற்றைப் பிளேடால் அறுத்துப் போட்டேன். வெறும் இரும்பின் மேல் வைத்து, கை வலிக்க முடுக்கினேன். நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள்.

"இன்னாடி பண்ற? சாமிக் கயிறு அது."

"கயிறு மேல மாட்டினா வழுக்குதும்மா. இரும்புலதான் மாட்டணும்."

அறுந்து கிடந்ததைக் குனிந்து எடுத்தாள். பிழிந்தாள், தண்ணீர் சொட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனும் இது மேலதான் மாட்டியிருந்தானா?"

நான் இதற்குத் தயாராக இல்லை. யார்தான் தயாராக இருப்பார்கள்?

"இல்லம்மா. அண்ணன் தள்ளி மாட்டியிருந்தான்."

"அப்ப கையில புடிச்சிக்கினு வந்தது?"

"போன்தாம்மா."

"பைக்குள்ள இருந்துச்சுன்னு நீதானடி எல்லார்கிட்டயும் சண்ட போடுவ?"

"பொய்ம்மா. அவன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டேன். உனக்காக நான் போட்ட அத்தனை சண்டையையும் ஒரு வரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள் என்று நான் மூச்சு விட்டேன்.

"எனக்கு மிஸ்டு கால் குடுக்கத்தான் எடுத்திருப்பான்" என்றாள். "போய்ச் சேந்தா குடு, குடுன்னு நான்தானே உயிர எடுப்பேன்."

எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அவளிடமே போய் நிற்கிறதே, நான் என்ன செய்வேன்? "உனக்கில்லம்மா, ஆபீஸ்ல பேசிக்கினு இருந்தான்" என்று அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கயிற்றோடு உள்ளே போய்விட்டாள்.

காலையில் குமார் கிளம்பும் முன் கிளாம்ப்பைப் பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி இருந்தது. கயிற்றின் மேல் மாட்டிய அன்றும் அப்படித்தான் இருந்தது என்பதையும் நினைத்துக்கொண்டேன். அம்மா கயிறு கட்டவில்லை, அவன் கையில்கூடக் கட்டவில்லை. "போய்ச் சேந்ததும் கால் கீல் ஒண்ணும் குடுக்க வேணாம்டா. வீட்டுக்கு வந்தா போதும்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் இன்று போன் அடிக்காது. அடிக்காததற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹொசகோட்டைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அம்மா அந்த அறுந்த கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். போனை நடுவில் வைத்துவிட்டு, இருவரும் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம். அவனை நீ கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. நீ கேட்க விரும்புகிற வாக்கு இல்லை. அம்மா இருக்கும்வரை நீ போன் பேசிக்கொண்டேதான் போனாய். பெரிய மாமா உன்னை உதாரணம் காட்டும்போது இனி நான் வாயைத் திறக்க மாட்டேன், தலையைக்கூட ஆட்டுவேன். உண்மையை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதினேன். இந்த வீட்டில் என்னைத் தவிர இதைப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

உனக்காக இனிச் சண்டை போடாத,
உன் தங்கச்சி
மீனா