ஒரு கண் தெரியாத எதிராளி

2006 நவம்பர் 9, வியாழன். துபாய்.

எங்கள் சேனலின் ஸ்போர்ட்ஸ் மேனேஜர் வாழ்நாளில் ஒரு குத்து வாங்கியதில்லை. ஆனால் சேனல் நடத்தும் குத்துச்சண்டையில் யாரோடு யார் மோதுவது, யாருக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்த மகாராசன் வைத்த சட்டம்தான்.

பாக்ஸர் செல்வம் மோத வேண்டுமென்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பலசாலியை மேனேஜர் இன்று நீக்கிவிட்டார். "ரெண்டே ரவுண்டுல முடிஞ்சா விளம்பரத்தை எங்க போடுறது?" என்றார். அவனுக்குப் பதிலாக நாற்பது வயது ஆள் ஒருவரைப் போட்டார். ஆறு ரவுண்டு இழுக்க வேண்டுமாம். பணமும் பாதிதான்.

செல்வத்துக்கு நான்தான் போன் செய்தேன்.

"அண்ணே, அவருக்கு ஒரு கண்ணு தெரியாது. நான் அடிக்க மாட்டேன்" என்றான்.

மேனேஜரிடம் சொன்னேன். "அப்ப சம்மதிக்கிற ஒருத்தனைப் பிடி" என்றார்.

ஒரு மணி நேரத்தில் பிடித்துக் கொடுத்தேன். "வெரி குட்" என்றார். நானும் பல்லைக் காட்டினேன், வெட்கங்கெட்டவன்.