பதின்மூன்றாவது பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாயா?

என் விண்ணப்பத்தில் நீ வரலாறு என்று எழுதிய நாளிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். செத்துப்போன ராஜாக்களின் சண்டையைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், "வாயை மூடிட்டுப் படி. படிச்சு முடிச்ச புத்தகத்தை எங்கிட்ட குடு" என்பாய். உனக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தேன்.

போன வாரம் பேராசிரியர் கல்லூரியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வரலாற்றுப் பிரிவில் சேர்ந்த பெண்களை எண்ணச் சொன்னார். வேண்டாவெறுப்பாகப் புரட்டினேன். அதில் உன் பெயர் இருந்தது. அதன்மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் 'சேரவில்லை' என்ற குறிப்பு. தேதி, அம்மா இறந்த மறுவாரம். எனக்கு அப்போது நான்கு வயது.

"எனக்குப் படிப்பு ஏறலைடா" என்றுதானே இத்தனை வருடமாகச் சொன்னாய்?

அன்றிலிருந்து ஒரு வகுப்புக்கும் மட்டம் போடவில்லை, நம்பினால் நம்பு.

சேர்ந்த பெண்கள் பன்னிரண்டு பேர். நான் பதின்மூன்று என்று எழுதிக் கொடுத்தேன். "ஒண்ணு எப்படிப்பா கூடுச்சு?" என்றார் பேராசிரியர். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன் சார், கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

வருகிறேன். இந்தத் தடவையாவது பொய் சொல்லாதே.

உன் தம்பி