வல்லத்து நிலத்தில் நடக்காத சோதனை

இன்று காலை தபாலில் ஓர் ஆய்விதழ் வந்தது. உறையைக் கிழித்ததும் புது மை வாசனை. உடனே உன் நினைவு வந்துவிட்டது. செஞ்சிக் கடைத்தெரு அச்சகத்தில், கைலியில் மைக்கறையோடு நீ மெய்ப்பு திருத்திக்கொண்டிருந்த அறுபதுகளின் அந்த நாட்கள்.

நீ ஆசிரியர், நான் துணையாசிரியர். நம் வேளாண் ஆய்விதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். வேளாண் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த உன் அக்கா புருஷன் ஒரு கட்டுரை அனுப்பினார். நம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் வரும் இலைப்புள்ளி நோயை ஒரு மருந்துக் கலவை அடியோடு நிறுத்திவிட்டதாம். சோதனை நடந்தது செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில். அதை முதல் பக்கத்திலேயே போட்டாய். உனக்கு அவ்வளவு பெருமை.

அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் சைக்கிளில் போனோம். நிலத்துக்காரர் விழித்தார்.

"இன்னா பாய் சொல்றீங்க? போன பட்டத்துல நான் எள்ளுதான போட்டேன்? மல்லாட்டையே போடலியே."

திரும்பும் வழியில் நான்தான் சொன்னேன்: "அடுத்த இதழ்ல சின்னதா ஒரு பிழைதிருத்தம் போட்டுடலாம்பா."

"எழுத்து மாறிப்போனா அது பிழை. இது நடக்கவே இல்லியேடா. இத நம்பி ஜனங்க மருந்து வாங்கிடுவாங்க." கொஞ்ச தூரம் போனபின், "ஆனா மச்சான் கிட்ட கேக்காம ஒரு வரி எழுத மாட்டேன்" என்றாய்.

அக்காவும் மச்சானும் உன் வீட்டுக்கு வந்தார்கள்; நானும் இருந்தேன். சாப்பாடு போட்டு, கை கழுவத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கேட்டாய். அவர் மறைக்கவில்லை.

"மழை ஏமாத்திடுச்சு. கடலை விதைக்கவே முடியல. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேணும்னாங்க. எழுதிட்டேன்."

"மழை இல்லன்னே எழுதியிருக்கலாமே மச்சான்."

அக்கா குறுக்கே வந்தார். "கூடப் பொறந்தவனே காட்டிக் கொடுத்தா, அவரு நாளைக்கி காலேஜுல எப்டிடா தல நிமிந்து நடப்பாரு?"

உன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் நீ பின்வாங்கவில்லை.

அறிவிப்பை முதலில் நான் எழுதினேன். 'பொய்யான கட்டுரை' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'இதில் கூறப்பட்ட சோதனை நடைபெறவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்' என்று மாற்றினாய். கட்டுரை வந்த அதே முதல் பக்கத்தில் போட்டாய். விசாரிக்காமல் வெளியிட்ட தவறு ஆசிரியருடையது என்றும் சேர்த்தாய். பிறகு வல்லம் பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிளில் போய், "அந்த மருந்த வாங்கிடாதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

மச்சானின் பதவி உயர்வு நின்றுபோனது. அந்த நோன்புப் பெருநாளுக்கு அக்கா வரவில்லை. நீ எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மா வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த பட்டத்துக்கு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மச்சான் விடுப்பெடுத்துக்கொண்டு வல்லத்துக்கு வந்தார். அதே நிலத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, கடலை விதைத்து, மருந்தைத் தானே தெளித்தார். இலைகளில் புள்ளி விழுந்தது, இலையெல்லாம் கொட்டியது. கலவை பயன்படவில்லை என்று அவரே எழுதிக் கொண்டுவந்தார்.

"இதப் போடுவியாடா?"

"இதத்தான் மச்சான் மொதப் பக்கத்துல போடணும்" என்று அவரைக் கட்டிக்கொண்டாய். வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து அக்கா இறங்கிக்கொண்டிருந்தார்.

நீ போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எனக்கு இன்னமும் சில இதழ்களிலிருந்து கட்டுரைகள் பார்வைக்கு வருகின்றன. சிலவற்றை நிராகரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. காரணங்களை ஒளிக்காமல் எழுதுகிறேன். எழுதியபின், இதை அந்த மனிதரின் வீட்டில் யாரெல்லாம் படிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசிக்கிறேன். உண்மையில் ஒரு சொல்லும் குறைவதில்லை. கோபத்தில் வந்த சொற்களை மட்டும் எடுத்துவிடுகிறேன்.