வயிறு தெரியும்வரை

பிஷ்கெக்

அன்பு பெக்தூர்,

பெரிய செய்தி கேள், நான் பிள்ளைத்தாய்ச்சி என்று இன்று தையல் ஆலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்!

வயிறு தெரியுமுன் சொன்னால் கண்பட்டுவிடும் என்று உன் அம்மா தடுத்ததால், நான்கு மாதமாக ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறித் தைத்தேன். உடம்புக்குத் தூங்கும் நேரமே மறந்துபோனது. தாய்க்கு இப்படி ஆனால், பிள்ளைக்கு வளர்ந்த பிறகு சர்க்கரை நோய் வரலாமாம். எலிகளை வைத்துப் பார்த்ததைப் போனில் படித்தேன்.

"நீ என்ன எலியாடி?" என்றார் அத்தை.

மேற்பார்வை பார்க்கும் ஜிபேக் அக்காவோ, "அட லூசு, முதல்லயே சொல்லியிருந்தா பகல்லயே போட்டிருப்பேனே!" என்றார்.

நாளையிலிருந்து பகல் வேலைதான். போன நான்கு மாதத்தை யாரிடம் கேட்பது?

ஆலையில் சொல்லிவிட்டேன் என்று அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை, நீயே போன் போட்டுப் பேசு. மாஸ்கோவில் உன்னோடு கட்டட வேலை செய்யும் நம்மூர்க்காரர்களிடமும் சொல். அவர்கள் மனைவிகளும் மறைத்துக்கொண்டுதான் தைக்கிறார்கள்.

கொட்டாவியோடு,
உன் மனைவி