நீ சொல்லாத ‘ஓம்’

மாதக்கணக்காக மூடிக்கிடந்த மைக்கை இன்று வெளியே எடுத்தேன். பஞ்சுறையைக் கழுவலாம் என்று கழற்றினால், உன் தைல வாசனை அதில் இன்னும் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன்.

வவுணதீவில் உன் வீட்டு நெல் அறையை நம் ஒலிப்பதிவுக் கூடமாக்கியது நீதான். "மூண்டு பக்கமும் மூட்டை. எதிரொலியே வராது. கொழும்பிலயும் இப்பிடி ஸ்டூடியோ இல்ல புள்ள" என்று பெருமையடித்தாய். எதிரொலி வரவில்லைதான், தும்மல் வந்தது. மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்து வடிய, மூக்கில் தைலத்தைப் பூசிக்கொண்டு, ரோமப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகளைப் பற்றி நாம் நான்கு வரலாற்று மாணவிகள் பொட்காஸ்ட் செய்தோம். நடுவில் உன் அம்மா கதவைத் தட்டுவார். "அந்த ராசா செத்து எத்தின காலம்! வந்து சோத்தத் தின்னுங்க புள்ளையள்." நீ "ஓம், வாறம்" என்று கத்துவாய். அதையெல்லாம் பிறகு நான் வெட்டிவிடுவேன்.

வெட்டுவதும் ஒட்டுவதும் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நம் நாட்டில் கிடைத்த ரோமச் செப்புக்காசுகளைப் பற்றிப் பேசிய அன்று, "ரோம வணிகர்களே இவற்றை நேரில் கொண்டுவந்தார்களா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியா. வேற ஆக்கள்ர கையால மாறி மாறியும் வந்திருக்கலாம்" என்றாய். கேட்பவர்களுக்கு இது சப்பென்றிருக்குமே என்று நினைத்தேன். அதை வெட்டி எறிந்துவிட்டு, அம்மாவுக்கு நீ சொன்ன "ஓம்"மை எடுத்து, என் கேள்விக்கு ஆமென்று சொன்னதுபோல் அந்த இடத்தில் ஒட்டினேன்.

வெளியானதும் எனக்குப் போன் எடுத்தாய். "சோத்துக்குச் சொன்ன ஓமத் தூக்கி ரோமாபுரிக்குக் குடுத்திட்டியே! நான் சொல்லாதத என்ட குரல்ல சொல்ல வெச்சிரிக்காய்." சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை. ஒரு வாரம் பேசவுமில்லை. பிறகு பொரித்த இறாலோடு வலையிறவுப் பாலம் தாண்டி நீயே வந்தாய்.

"கோவம் போயிட்டு. ஆனா அத மாத்திப் போடு."

"நாளைக்குச் செய்யிறன்" என்றேன். பிழையை ஊரறிய ஒப்புக்கொள்ள வெட்கம், வேறொன்றுமில்லை. நாளை, நாளை என்று இழுத்தடித்தேன். அந்த மாரிக்காலத்தில் உனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆறே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

உன் குரலைத் திறக்கவே இத்தனை நாள் பயந்திருந்தேன். இன்று திறந்து, உன் பதிலை அதன் இடத்தில் திருப்பி வைத்தேன். "தெரியா" சொன்ன கையோடு நீ தும்முகிறாய், உனக்கே சிரிப்பு வருகிறது. அதையும் வெட்டவில்லை. பதிவின் தொடக்கத்தில் நான் செய்த மோசடியையும் என் குரலில் சொல்லி, மறுபடி வெளியிட்டிருக்கிறேன். பிந்திவிட்டேன், மன்னித்துவிடு.

பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். வெட்டாத பழைய பதிவை உன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டுச் சிரித்தார். அடுத்து நீ "ஓம், வாறம்" என்றாய். அவர் வாசலைப் பார்த்தார்.

"இன்னொருக்காப் போடு மகள்" என்றார்.

எத்தனை தடவை போட்டேனோ. அந்தப் பதிவை அவருடைய போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த "ஓம்" அவருக்கு. உன் "தெரியா" எனக்கு. அந்த ரோமக் காசை யார் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்டால், இப்போது கூச்சப்படாமல் அதையே சொல்கிறேன்.